அரணை விட்டுக்கொடுக்காத வால்

சருகி என்ற அரணையின் பெயரை எந்தக் கதையும் சொல்வதில்லை. மருதங்காட்டுச் சூனியக்காரிகளைப் பற்றிச் சொல்ல மட்டும் ஆயிரம் வாய்கள் இருக்கின்றன. ஆந்தைக் குலத்தின் தலைவி உருட்டுவிழியாளின் சாபங்களைச் சொல்வார்கள். காட்டுப்பூனைக் குலத்தின் தலைவி கார்நகத்தாளின் மாயங்களைச் சொல்வார்கள். ஒரு மரப்பொந்து யாருக்குச் சொந்தம் என்று இரு குலங்களும் தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொண்டதை வீரக்கதையாகவே சொல்வார்கள்.

இத்தனைக்கும் இந்தத் தலைவிகள் காலத்தில் சருகியின் வால் இல்லாமல் அங்கே ஒரு மந்திரமும் முடிந்ததில்லை. சாபமோ மாயமோ, கடைசியில் துடிக்கும் அரணை வால் ஒன்று கொப்பரையில் விழவேண்டும். அதை அரணை மனமுவந்து கொடுத்திருக்கவேண்டும். இதுதான் விதி. வேறு எதிலும் ஒத்துப்போகாத இரு குலங்களும் இந்த ஒன்றில் மட்டும் ஒத்துப்போயின.

மனமுவந்து கொடுத்தது எப்படி என்று கேளுங்கள். சருகி பாறையில் வெயில் காய்ந்துகொண்டிருப்பாள். மேலிருந்து நகங்கள் பாயும், இல்லையென்றால் புதரிலிருந்து பற்கள் பாயும். உயிருக்கு அஞ்சி வாலைக் கழற்றிவிட்டு அவள் ஓடுவாள்.

"பார்த்தீர்களா! கேட்காமலே கொடுத்துவிட்டாள்! என்ன தாராள மனம்!" என்று பாய்ந்தவர்களே காடெல்லாம் பறைசாற்றுவார்கள்.

"அவளுக்கு வலிக்காதா?" என்று குஞ்சுகளும் குட்டிகளும் கேட்டால், அதற்கும் பதில் தயாராக இருந்தது.

"மறுபடி முளைத்துவிடும்! தவிர, அரணைக்கு எதுதான் நினைவில் நிற்கிறது? கடிக்க வந்தால்கூட, வந்த காரியத்தை மறந்துவிட்டுத் திரும்பிப் போகிற இனம்!"

சருகி எதையும் மறக்கவில்லை. கோடைக்காக அவள் சேர்த்துவைத்த கொழுப்பு முழுவதும் அந்த வாலில்தான் இருந்தது. வால் போன கோடையில் அவள் வயிற்றில் முட்டை தங்கவில்லை. அதற்கடுத்த கோடையிலும் தங்கவில்லை.

இந்த ஆண்டு எப்படியோ இரு குலத்தார் கண்ணிலும் படாமல் வாலை முழுதாக வளர்த்துவிட்டாள். வயிற்றிலும் முட்டைகள் இருந்தன. அப்போதுதான் அணில் ஒன்று கிளைக்குக் கிளை தாவிக் கத்திக்கொண்டு போயிற்று: "சமாதானம்! சமாதானம்! இனிப் பொந்து இரு குலத்துக்கும் பொதுவாம்!"

சருகிக்கு மூச்சு வந்தது. சண்டை ஓய்ந்தால் மந்திரம் எதற்கு? மந்திரம் இல்லையென்றால் வால் எதற்கு? அந்த நிம்மதி அந்தி சாயும்வரைகூட நீடிக்கவில்லை. தலைவிகள் இருவரும் சேர்ந்தே அவளுடைய பாறைக்கு வந்தார்கள்.

"சருகிக் கண்ணு!" கார்நகத்தாளின் குரலில் தேன் ஒழுகியது. "சமாதான மந்திரம் ஓதப்போகிறோம். வாலைக் கொடுத்துவிடு, தாயே!"

"சண்டைக்கும் என் வால், சமாதானத்துக்கும் என் வாலா?"

"எவ்வளவு பெரிய புண்ணியம் தெரியுமா? காடே உன்னைக் கையெடுத்துக் கும்பிடும்!" என்றாள் உருட்டுவிழியாள்.

"கும்பிடு எனக்கு வேண்டாம். வயிற்றில் முட்டை இருக்கிறது. தரமாட்டேன்."

தலைவிகள் திகைத்தார்கள். அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து அவர்கள் கேட்டதே இல்லை. கேட்கும்படி என்றைக்காவது நின்றிருந்தால்தானே!

"அடியே, ஒரு வாலுக்கு இத்தனை ராங்கியா? காட்டின் அமைதியைவிட உன் முட்டை பெரிதோ?" என்று சீறினாள் உருட்டுவிழியாள்.

"எனக்குப் பெரிதுதான்! அமைதி அவ்வளவு அருமையானது என்றால் உங்கள் இறகைப் பிடுங்கிப் போடுங்கள்! இவள் தன் மீசையை அறுத்துப் போடட்டும்!"

"அரணை வால் என்றுதான் விதி சொல்கிறது!"

"மனமுவந்து என்றும் அதே விதி சொல்கிறதே, அதை எங்கே தொலைத்தீர்கள்? நான் ஒருமுறையாவது உவந்து கொடுத்தேனா? பயந்து விட்டுப்போனேன்! அதனால்தான் உங்கள் மந்திரம் ஒன்றும் பலிக்கவில்லை. இவள் நகம் உதிரட்டும் என்று சபித்தீர்களே, உதிர்ந்ததா? உங்கள் கண் அவியட்டும் என்று இவள் சபித்தாளே, அவிந்ததா?"

ஆந்தை பூனையின் நகத்தைப் பார்த்தாள். பூனை ஆந்தையின் கண்ணைப் பார்த்தாள். இரண்டும் பளபளவென்று இருந்தன.

"நீ தடுப்பு மந்திரம் போட்டுவிட்டாய் என்றல்லவா உன்மேல் வன்மம் வைத்திருந்தேன்!" என்றாள் ஆந்தை.

"நானா? நீ போட்டாய் என்றுதானே நான் பழிவாங்கிக்கொண்டிருந்தேன்!" என்றாள் பூனை.

தலைமுறைப் பகைக்குத் தீனி போட்டது இந்தப் பலிக்காத மந்திரங்கள்தான். ஒவ்வொரு தோல்விக்கும் எதிராளியின் சூழ்ச்சியே காரணம் என்று நம்பி, அடுத்த மந்திரத்துக்கு அடுத்த வாலைப் பறித்திருக்கிறார்கள். உண்மை விளங்கிய பிறகாவது வெட்கப்பட்டிருக்கலாம். அவர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. பழைய வழியே போதும் என்று கண்ணாலேயே பேசிக்கொண்டார்கள். கார்நகத்தாள் பாய்ந்தாள்.

பூனையின் பற்கள் வாலைக் கவ்வின. 'விட்டுவிடு, விட்டுவிடு' என்று சருகியின் உடம்பு முழுவதும் பதறியது. விட்டால் அவள் தப்பலாம், ஆனால் முட்டைகளைக் காப்பாற்ற முடியாது. அவள் விடவில்லை. உடம்பை வளைத்துத் திரும்பிப் பூனையின் மூக்கைக் கடித்தாள். எதற்காகக் கடிக்கிறோம் என்பதை நன்றாக நினைவில் வைத்துக்கொண்டே கடித்தாள்.

"ஐயோ!" என்று பூனை வாயைத் திறந்தாள். காயம்பட்ட வாலையும் இழுத்துக்கொண்டு சருகி பாறையிடுக்கில் புகுந்துவிட்டாள்.

"துரோகி! சமாதானத்தைக் கெடுத்தவளே!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள். உடனே, "எல்லாம் உன் அவசரத்தால் வந்தது!" என்றாள் ஆந்தை. "அப்படியானால் நீயே பாய்ந்திருக்கவேண்டியதுதானே!" என்றாள் பூனை. பழைய சண்டை புதுத் தெம்போடு தொடங்கியது. பழியை மட்டும் காடு அரணையின் பிடிவாதத்தின்மேல் போட்டது.

சருகி ஓடையைத் தாண்டிப்போய், உளுத்த மரக்கட்டையின் அடியில் முட்டையிட்டாள். ஒன்றிரண்டு கெட்டுப்போயின, மற்றவை பொரிந்தன. யாரும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. தழும்பேறிய வால் கடைசிவரை அவளிடமே இருந்தது. பல கோடைகளைக் கண்டு, வயதாகி, அங்கேயே இறந்தாள்.

அஞ்சி விட்டுப்போனதை அன்பளிப்பு என்று அழைப்பது, அதைப் பறித்ததைவிடப் பெரிய கயமை.