வந்த வேனிலேயே போன பசுமை

காலனித் தலைவர் ஞானசிகாமணிக்கு ‘பசுமை இல்லம்’ விருதின் மேல் ஆசை வந்துவிட்டது. பத்து மணிக்கு அதிகாரியம்மா வீட்டைப் பார்க்க வருகிறார். ஒன்பது மணிக்கு வேன் நிறையச் சாமான் வந்து இறங்கியது. மூங்கில் பிரஷ், சணல் பை, கொட்டாங்குச்சிக் கிண்ணம். பிரித்து அடுக்கியதும் பிளாஸ்டிக் உறையும் தெர்மாகோலும் கூடத்தில் மலையாகக் குவிந்தன.

வீட்டு வேலை செய்யும் செவ்வந்தியைக் கூப்பிட்டார்.

“அந்தம்மா குப்பைத் தொட்டியைக்கூடத் திறந்து பார்ப்பாங்களாம். இது வீட்டிலயும் இருக்கக் கூடாது, தொட்டியிலயும் இருக்கக் கூடாது, தெருவிலயும் கிடக்கக் கூடாது, கொளுத்தவும் கூடாது. ஒரு துண்டு கண்ணுல பட்டாலும் நாளைலேருந்து நீ வர வேண்டாம்.”

சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

செவ்வந்தி வாசலை எட்டிப் பார்த்தாள். வேன்காரர் இன்னும் டீ குடித்துக்கொண்டிருந்தார். சாமான்களை அதனதன் உறையிலேயே திரும்பச் சுற்றி, “ஐயாவுக்கு இதெல்லாம் தேவைப்படலைண்ணே” என்று வண்டியில் ஏற்றிவிட்டாள்.

அதிகாரியம்மா வந்தார். பாத்திரம் தேய்க்கத் தேங்காய் நார். ஆணியில் பழைய வேட்டியில் தைத்த பை. தொட்டியில் காய்த்தோல் மட்டும்.

“எத்தனை நாளா இப்படி?” என்று வியந்து கேட்டார்.

சாமான் போன இடம் தெரியாமல் ஞானசிகாமணி விழித்தார்.

“பன்னண்டு வருஷமாம்மா. நான் வேலைக்கு வந்த நாள்லேருந்து” என்றாள் செவ்வந்தி.

விருது அவள் பெயருக்கே வந்தது. அடுத்த வாரம் கேடயமும் ஒரு வேனில் வந்தது, பெரிய அட்டைப்பெட்டியில், தெர்மாகோல் சுற்றி.

செவ்வந்தி கேடயத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

“வண்டி நிக்குதா பாருங்கய்யா.”

ஞானசிகாமணி பெட்டியோடு வாசலுக்கு ஓடினார்.