பேச்சில்லாத இணைப்பு

கோவையில் ஒரு மருத்துவமனையின் சர்வர் அறையில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குரு ஜெசிந்தாவுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. சீடர் நாச்சிமுத்துவுக்குத் தலை முழுக்க நரை. தொலைபேசித் துறையில் விருப்ப ஓய்வு வாங்கியவர், வீட்டில் சும்மா உட்கார முடியாமல் கம்ப்யூட்டர் படித்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தார். ஜெசிந்தாவை வேடிக்கைக்குத்தான் குரு என்று கூப்பிட ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் வேடிக்கை போய்விட்டது, குரு மட்டும் நின்றது.

மலையிலுள்ள சின்ன ஆஸ்பத்திரிகளில் எடுக்கும் ஸ்கேன் படங்கள் அந்த அறையின் சர்வருக்குத்தான் வரும். இங்குள்ள டாக்டர்கள் பார்த்துவிட்டு, அங்கேயே வைத்தியம் செய்யலாமா, கீழே அனுப்ப வேண்டுமா என்று சொல்வார்கள். யார் உள்ளே வரலாம், எவ்வளவு நேரம் இருக்கலாம், எப்போது வெளியே தள்ள வேண்டும் என்ற விதிகளைச் சர்வரில் அமைப்பது இவர்கள் வேலை.

அந்த வாரம் விதிகளைக் குரு சீடரிடம் விட்டிருந்தார்.

நாச்சிமுத்து சுத்தக்காரர். டீ குடித்த டம்ளரை உடனே கழுவிக் கவிழ்க்காவிட்டால் அவருக்குக் கை பரபரக்கும். சர்வரில் பேச்சுமூச்சில்லாமல் கிடந்த இணைப்புகளைப் பார்த்ததும் அதே பரபரப்பு வந்துவிட்டது. இரண்டு நிமிடம் எதுவும் வராவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிடு, பாதியில் நின்ற படத்தை அழித்துவிடு என்று விதி போட்டார். சர்வர் கழுவி விட்டாற்போல் ஆனது. அன்று அவருக்கு மத்தியானச் சாப்பாடுகூட நன்றாக இறங்கியது.

மறுநாள் காலை மலையில் மழை பிடித்துக்கொண்டது. தேயிலைத் தோட்டத்தில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்ட தெய்வானை என்ற பெண்ணை அங்குள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. படம்தான் கீழே வந்து சேரவில்லை.

மலைக்குப் போகும் இணைப்பு கோபுரத்துக்குக் கோபுரம் தாவிப் போவது. மழை வலுத்தால் நின்றுவிடும், சற்று ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். இப்போது நின்றபோதெல்லாம் புது விதி அதைத் துண்டித்தது. வந்த பாதியையும் அழித்தது. அங்கிருந்து மறுபடி முதலிலிருந்து அனுப்பினார்கள். மறுபடி அதே கதை.

மாடியிலிருந்து டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். மண்டைக்குள் ரத்தம் கசிந்திருந்தால் அந்தப் பெண்ணை உடனே கீழே கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் இந்த மழையில் மலைப்பாதையில் குலுங்கிக்கொண்டு வருவதே ஆபத்து. படம் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது என்றார்.

லைன்தான் கோளாறு, விதியில் தப்பில்லை என்று நாச்சிமுத்து வாதாடினார்.

"பேசாம கிடக்கறவங்களை எத்தனை நேரத்துக்குங்க உள்ள வெச்சிருக்கறது?" என்று கேட்டார்.

குரு, மலையில் ஸ்கேன் எடுக்கும் போஜனுக்குப் போன் போட்டு, அதைச் சீடரிடம் நீட்டினார்.

"அந்தம்மா எப்படி இருக்குதுன்னு நீங்களே கேளுங்கண்ணா."

கண் திறக்கிறாள், பிள்ளை பள்ளிக்கூடம் போயிற்றா என்று கேட்கிறாள், ஆனால் கேட்டதையே கேட்கிறாள் என்றார் போஜன். பிறகு, ஒரு நிமிஷம் என்று சொல்லிப் போனை எங்கோ வைத்துவிட்டுப் போனார். அதன்பின் ஒரு சத்தமும் இல்லை.

"ஏதாச்சும் கேக்குதுங்களா?" என்றார் குரு.

"இல்லீங்க."

சீடர் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார். விதியின் இரண்டு நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது.

"ஒண்ணும் வரலையே. வெச்சுருங்கண்ணா."

"எப்படிங்க வெக்கறது? போன மனுசன் வரட்டும்."

சொன்ன பிறகுதான் நாச்சிமுத்துவுக்குத் தன் குரல் தன் காதிலேயே விழுந்தது. குருவைப் பார்த்தார். குரு கீபோர்டை அவர் பக்கம் தள்ளி வைத்தார்.

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு சீடர் விதிகளைத் திறந்தார். மலை ஆஸ்பத்திரிகளுக்கு மட்டும் காத்திருக்கும் நேரத்தைத் தாராளமாகக் கூட்டினார். பாதியில் நின்றதை அழிக்காதே, விட்ட இடத்திலிருந்து வாங்கிக்கொள் என்று மாற்றினார். தட்டியதையே அழித்து அழித்துத் தட்டினார்.

போஜன் திரும்பி வந்தார். அந்தம்மா வாந்தி எடுத்தாள், தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்றார்.

"நீங்க இன்னும் லைன்லதான் இருக்கீங்களா?"

"இருக்கறனுங்க," என்றார் நாச்சிமுத்து. படத்தை இன்னொரு தரம் அனுப்பச் சொன்னார்.

படம் வரத் தொடங்கியது. முக்கால் பங்கு வந்ததும் நின்றது. திரையில் எதுவும் அசையவில்லை. இருவரும் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். நாச்சிமுத்து தன்னையறியாமல், வாம்மா, வாம்மா என்று முணுமுணுத்தார். மலையில் மழை எங்கோ சற்று ஓய்ந்திருக்க வேண்டும். மீதியும் வந்து சேர்ந்தது.

கசிவு இருந்தது. டாக்டர் உடனே ஆம்புலன்ஸைக் கிளப்பச் சொன்னார். மதியம் தெய்வானை வந்து சேர்ந்தாள், சாயங்காலத்துக்குள் ஆபரேஷன் முடிந்துவிட்டது. பிழைத்துக்கொள்வாள் என்றார்கள். நாச்சிமுத்து மாடிக்குப் போய், கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தார். வரும்போது கண் சிவந்திருந்தது. அதை மறைக்கவும் இல்லை.

குருவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒண்ணு மட்டும் புரியலீங்க குருவே. பேசாம இருக்கறவங்கள்ல யாரு போயிட்டாங்க, யாரு இன்னும் இருக்கறாங்கன்னு இங்கிருந்து எப்படிங்க தெரியும்?"

"தெரியாதுங்கண்ணா," என்றார் குரு. "தெரியற வரைக்கும் இருக்கறாங்கன்னு வெச்சுக்கங்க."