முகம் காட்டும் முறை

“‘எனக்கு ஒரு மெயிலும் வரலையே சிஸ்டர், வந்திருந்தா வாங்காம இருப்பேனா?’ இதையே சொல்றா மதர்! வார்த்தை மாறாம திரும்பத் திரும்ப இதையே சொல்றா! நான் அனுப்பி அனுப்பி விரல் தேஞ்சு போச்சு. பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமா?”

சிஸ்டர் ஜெசிந்தா கதவைத் தட்டாமலே உள்ளே வந்திருந்தார். மதர் இம்மாகுலேட் தலை நிமிரவில்லை. கேக்குக்குப் போட ஆரஞ்சுத் தோலை நறுக்கிக்கொண்டிருந்தார்.

“யாரு சிஸ்டர்?”

“பிரிசில்லா. பழைய மாணவிகள் சங்கத்துச் செயலாளர். அவளே இப்படின்னா மத்தவளுகளை என்ன சொல்ல?”

“பொய்தான் சொல்றாளா?”

ஜெசிந்தா கொஞ்சம் இறங்கினார். “ஸ்பேம்ல தேடிப் பாருடின்னேன். பார்த்தா. அத்தனையும் அங்கதான் கிடக்குதாம். உங்களுக்கு லாட்டரி விழுந்திருக்குன்னு எழுதுவானுங்களே, அந்தத் திருட்டுப் பயலுகளுக்கு நடுவுல. நம்ம கேக்கு விளம்பரம். நம்ம குழந்தை இயேசு படம்.”

“கண் சிமிட்டுற படமா?”

“ஆமா. அதுக்கென்ன?”



இந்த இரண்டு பேரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். திண்டுக்கல்லுக்கு வெளியே இருக்கும் அந்தக் கான்வென்டில் இம்மாகுலேட் ஆறாம் வகுப்புப் படித்தபோது, கணக்கு வரவில்லை என்று பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்தவர் இதே ஜெசிந்தாதான். இப்போது இம்மாகுலேட் மதர். ஜெசிந்தா அவர் சொல்படி நடக்க வேண்டியவர். கடவுளுக்குச் சில சமயம் இப்படி பெஞ்சை மாற்றிப் போடத் தோன்றும் போலிருக்கிறது.

ஜெசிந்தாவுக்கு இரண்டு வேலைகள். ஒன்று, விடுதி வாசல். இன்னொன்று, அவரே ஆரம்பித்த கேக் கூடம். புருஷன் விட்டுப்போன பெண்களும் புருஷனை விட்டு வந்த பெண்களும் அங்கே வேலை செய்கிறார்கள். சபையின் மேலதிகாரியான புரொவின்ஷியல் அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார்: இந்தக் கிறிஸ்மஸுக்கு ஆர்டர் வராவிட்டால் அடுப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கம்ப்யூட்டர் லேப். பெண்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். வேறு இடம் இருந்திருந்தால் அவர்கள் இங்கே ஏன் வந்திருக்கப் போகிறார்கள்? அதை யாரும் புரொவின்ஷியல் அம்மாவிடம் கேட்கவில்லை.

“கம்ப்யூட்டர்ல ஏதாவது சொல்லுதா?” என்றார் மதர்.

“மஞ்சளா ஒரு பெட்டி வரும். மெயில் அனுப்பிக் கொடுக்கிற கம்பெனிக்காரன் போடுறது. உங்க டொமைனைச் சரிபார்க்கவும்னு.”

டொமைன் என்றால் வேறொன்றுமில்லை. மெயில் முகவரியின் பின்பாதியில் வருகிற கான்வென்டின் சொந்தப் பெயர்.

“சரிபார்க்கிறதுன்னா?”

“நம்ம பேர்ல அனுப்புறது நாமதான்னு நாம நிரூபிக்கணுமாம். கொழுப்பைப் பாருங்க. நூறு வருஷமா இதே இடத்துல இருக்கோம். ஊர்ல பாதிப் பேருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தது நாம. நம்மளைப் பார்த்து ‘நீ யாரு’ங்கிறான்.”

“நீங்க என்ன செஞ்சீங்க?”

“‘பிறகு’ன்னு ஒரு பட்டன் இருக்கு. அமுக்கிட்டேன்.”

“எத்தனை தடவை?”

“அது வர்றப்பல்லாம்.”

மதர் இன்னொரு ஆரஞ்சை எடுத்தார். ஜெசிந்தாவுக்குப் பொறுக்கவில்லை.

“நல்ல சாமான், நல்ல வார்த்தை, நம்ம பேரு. இதுக்கு மேல என்ன வேணும் மதர்? ஏன் உள்ள விட மாட்டேங்கிறான்?”

“நாளைக்குச் சொல்றேன்.”

“இப்பச் சொன்னா என்னவாம்?”

ஜெசிந்தா கதவைச் சாத்திய சத்தம் சாப்பாட்டு அறை வரை கேட்டது.

மறுநாள் காலையில் விடுதி வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. இறங்கியவன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டான்.

“தோத்திரம் சிஸ்டர். என் பேரு சவரிராயன். மதர் அனுப்பினாங்க. ஏழாங்கிளாஸ் ஃபெமினாப் பொண்ணை மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கூட்டிட்டுப் போகணும்.”

“எந்த மதர்?”

“உங்க மதர்தான் சிஸ்டர்.”

“தெரியாது. போ.”

அந்த விடுதியில் ஒரு முறை உண்டு. வருஷ ஆரம்பத்தில் தகப்பனோ தாயோ தாங்களே வாசலுக்கு வர வேண்டும். பிள்ளையைக் கூட்டிப்போக யார் வருவார்களோ அந்த ஆளைப் பக்கத்தில் நிறுத்தி, “இவர் எங்க ஆளு, இவர் வந்தா அனுப்புங்க” என்று தங்கள் வாயால் சொல்ல வேண்டும். முகம் காட்டுவது என்று பெயர். முகம் காட்டாத ஆள், கூடப் பிறந்த மாமனாக இருந்தாலும், மூட்டை நிறைய முறுக்கோடு வந்தாலும் திரும்பிப் போக வேண்டியதுதான். முறுக்கு மட்டும் உள்ளே போகும். பள்ளிக்கூடத்து ஆட்களுக்கும் இதே முறைதான். அவர்களுக்கு மதர் முகம் காட்ட வேண்டும்.

சவரிராயன் வேனைக் காட்டினான். “பாருங்க, கான்வென்ட் பேரு பெருசா எழுதியிருக்கு.”

“இருக்கட்டும்.”

“மதரை நல்லாத் தெரியும் சிஸ்டர். ரொம்ப நல்லவங்க.”

“இருக்கட்டும்.”

“அவசரம் சிஸ்டர்! கடையை மூடிருவான்! இன்னிக்கு விட்டா ஒரு வாரம் ஆகும்!”

“தம்பி, சத்தம் போட்டேன்னா வாட்ச்மேனைக் கூப்பிடுவேன்.”

அவன் சத்தம் போட்டான். வாட்ச்மேன் வந்தார்.

ஜெசிந்தா நேராக மதரிடம் போனார். இந்தத் தடவை முகத்தில் வெளிச்சம்.

“எவனோ உங்க பேரைச் சொல்லிக்கிட்டு வந்தான் மதர். விரட்டிட்டேன்.”

“நான் அனுப்பின ஆளுதான் சிஸ்டர். புது டிரைவர்.”

ஜெசிந்தா நின்றுவிட்டார். பிறகு உட்கார்ந்தார்.

“வேன்ல நம்ம பேரு இருந்துச்சே,” என்றார் மதர்.

“பேரை எவன் வேணா எழுதிக்கலாம். பெயின்ட் கடையிலதான விக்குது.”

“நல்லபடியாப் பேசியிருப்பாரே.”

“பேசினான். அப்புறம் அவசரம் அவசரம்னு கத்தினான். கத்தக் கத்த எனக்குச் சந்தேகம்தான் கூடுச்சு.”

“நூறு வருஷக் கான்வென்ட். இந்தப் பேருக்கு வாசல்ல ஒரு மதிப்புக் கிடையாதா?”

“மதிப்பு இருக்கிறதாலதான மதர் இந்தப் பாடு! மதிப்பில்லாத பேரை எவன் சொல்லிக்கிட்டு வருவான்?”

மதர் தலையாட்டினார்.

ஜெசிந்தாவுக்குள் இருந்த பழைய கணக்கு டீச்சர் எழுந்துகொண்டார். “தப்பு உங்க மேல. நீங்க வந்து முகம் காட்டியிருக்கணும். ரெண்டு நிமிஷ வேலை. வாசலுக்கு வந்து ‘இவர் என் ஆளு’ன்னு சொல்ல உங்களுக்கு என்ன குறைச்சல்? மதர்னா முறை கிடையாதா?”

“நினைச்சேன் சிஸ்டர்.”

“நினைச்சா? ஏன் செய்யலை?”

“பிறகு செஞ்சுக்கலாம்னு விட்டுட்டேன்,” என்றார் மதர். “தோணுறப்பல்லாம்.”

ஜெசிந்தா எழுந்தார்.

அதற்குப் பிறகு இரண்டு காரியங்கள் நடந்தன. மதர் வாசலுக்குப் போய் சவரிராயனைப் பக்கத்தில் நிறுத்தி, “இவர் நம்ம ஆளு” என்றார். ஃபெமினா கண்ணாடிக் கடைக்குப் போனாள்.

ஜெசிந்தா கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து, முதல் முறையாக அந்த மஞ்சள் பெட்டியைக் கடைசி வரி வரை படித்தார். பெரிய வேதாந்தம் ஒன்றும் இல்லை. கம்பெனி சில வரிகளைக் கொடுக்கும். கான்வென்டின் பெயரை எங்கே பதிந்து வாங்கினார்களோ, அங்கே போய் அந்த வரிகளை ஒட்டி வைக்க வேண்டும். இந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு இந்தக் கம்பெனி வந்தால் அது எங்கள் ஆள்தான் என்று அதற்குப் பொருள். மெயிலை வாங்குகிற இடத்தில் இருப்பவர்கள் அதைப் பார்த்துக்கொள்வார்கள். அவ்வளவுதான்.

கான்வென்டுக்காக அந்தப் பெயரை வாங்கி வைத்திருந்தது பிரிசில்லா. பாஸ்வேர்டு அவளிடம். ஜெசிந்தா போனைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தார். பிறகு கூப்பிட்டார்.

“பிரிசில்லா, நான்தான். நேத்து உன்னைப் பொய்க்காரின்னு சொன்னேன்ல? அது… சரி விடு. எனக்கு ஒரு பாஸ்வேர்டு வேணும்.”

“மன்னிப்புக் கேக்குறீங்களா சிஸ்டர்?”

“பாஸ்வேர்டு கேக்குறேன்.”

பிரிசில்லா சிரித்துக்கொண்டே கொடுத்தாள். வரிகளை ஒட்டினார்கள். உடனே ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் பொறுக்கணும் என்று கம்பெனி எழுதியிருந்தது. பொறுப்பது ஜெசிந்தாவுக்குப் பழக்கமில்லாத வேலை. காப்பி ஆறுவதற்குள் மூன்று முறை போய்ப் பார்த்தார். மறுநாள் காலைப் பூசை முடிந்து வந்தபோது மஞ்சள் பச்சையாகியிருந்தது.

புது மெயிலில் அவர் குழந்தை இயேசுவைக் கண் சிமிட்ட விடவில்லை. பழைய மெயிலில் இருந்த ‘அவசரம்’ போயிற்று. ‘கடைசி வாய்ப்பு’ போயிற்று. ஆச்சரியக்குறிகள் எல்லாம் போயின. ‘கிறிஸ்மஸ் கேக்குக்கு ஆர்டர் எடுக்கிறோம். செய்வது நம் கான்வென்ட் பெண்கள். வேண்டுமென்றால் பதில் எழுதுங்கள்.’

பிரிசில்லாதான் முதலில் பதில் எழுதினாள். பிறகு பெங்களூரிலிருந்து ஒருத்தி, துபாயிலிருந்து ஒருத்தி. எல்லோரும் எழுதவில்லை. சிலர் கேக் வேண்டாம், ஜெசிந்தா சிஸ்டர் இன்னும் இருக்கிறாரா என்று மட்டும் கேட்டிருந்தார்கள். ஆனாலும் அந்த வார முடிவில் கேக் கூடத்து மரியபுஷ்பம், உலர்ந்த திராட்சையை ஊறப்போட இன்னொரு பானை வேண்டும் என்று வந்து நின்றாள். அவள் எதையும் சிரித்துக்கொண்டு கேட்டு யாரும் அதுவரை பார்த்ததில்லை.

திங்கட்கிழமை மதரும் ஜெசிந்தாவும் வாசலை ஒட்டிய அறையில் உட்கார்ந்து ஆரஞ்சுத் தோல் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வெளியே ஒரு பைக் நின்றது.

ஜெசிந்தா எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். தோளில் பை, கையில் அளவு டேப்போடு ஒரு ஆள்.

“யாரது?”

“கார்பென்டர் சிஸ்டர். புரொவின்ஷியல் அம்மா அனுப்பினாங்க. கேக் ரூமை அளக்கணும். கம்ப்யூட்டர் மேஜை போட. அடுப்பைக் கழட்ட எவ்வளவு நேரம் ஆகும்னும் பார்த்துட்டு வரச் சொன்னாங்க.”

ஜெசிந்தா திரும்பி மதரைப் பார்த்தார்.

“புரொவின்ஷியல் அம்மா அனுப்பின ஆளாம் மதர்.”

மதர் கத்தியை ஈரத்துணியில் துடைத்தார்.

“அவங்க வந்து முகம் காட்டினாங்களா?”

“இல்லை.”

மதர் அடுத்த ஆரஞ்சை எடுத்தார். ஜெசிந்தா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் பங்குத் தோலை இன்னும் பொடியாக நறுக்கத் தொடங்கினார்.

“சிஸ்டர்,” என்றது வெளியிலிருந்து குரல். “சிஸ்டர், வெயிலா இருக்கு. கொஞ்சம் கதவைத் திறங்களேன்.”