தயவுசெய்து கேட்காதீர்கள், இது ரகசியக் கப்பல்

ஒரே ஒரு சிம்மாசனத்துக்காக அண்ணனும் தம்பியும் நாட்டை இரண்டாக்கிச் சண்டை போட்டார்கள். தம்பி ராஜா கடலோரக் கோட்டைக்குள் மாட்டிக்கொண்டார். உள்ளே இரண்டு மாதத்துக்குத்தான் அரிசி. அதற்குள் ஒரு பீரங்கிக் கப்பல் வராவிட்டால் கோட்டையும் போச்சு, தலையும் போச்சு.

அயல்நாட்டுக்குப் போய் ரகசியமாகக் கப்பல் வாங்கிவர அவர் அனுப்பியது சடையப்பன், பொன்னுரங்கம், வேம்புலி என்ற மூவரை. கெட்டிக்காரர்கள் எல்லாம் முதல் வாரமே ஓடிவிட்டார்கள், பாவம் அவர் என்ன செய்வார்!

"யார் கேட்டாலும் வாயைத் திறக்காதீங்க. சகுனம் பார்த்துக் கிளம்புங்க" என்றார் ராஜா.

கப்பல் வியாபாரி "என்ன வேணும்?" என்றார். மூவரும் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றார்கள். அந்த நல்ல மனிதர் ஒவ்வொரு கப்பலாகக் காட்டி, இவர்கள் தலையாட்டும்வரை நான்கு நாள் அலைந்தார்.

கப்பல் கிளம்பியது. எதிரே வந்த மீன்காரர் அன்பாக, "எங்கே போறீங்க?" என்று கேட்டுத் தொலைத்தார். கிளம்பினவர்களை அப்படிக் கேட்கலாமா? திரும்பிப் போய், உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தானே மறுபடி கிளம்ப வேண்டும்? கப்பலைத் திருப்பினார்கள். இப்படியே ஆறு தடவை. வியாபாரி இவர்களுக்கென்றே ஒரு பானை வாங்கி வைத்துவிட்டார்.

"ராஜா பட்டினியிலேயே போயிடுவாரு" என்று வேம்புலி அழுதேவிட்டான்.

"அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நாமளே சொல்லிட்டா?" என்றான் பொன்னுரங்கம்.

"வாயைத் திறக்கக்கூடாதே!" என்றான் வேம்புலி.

சடையப்பன் வெகுநேரம் யோசித்தான். "கை சும்மாதானே இருக்கு? எழுதிப்புடுவோம்."

கப்பலின் பக்கவாட்டில் ஆளுயரத்துக்கு எழுதினார்கள்: 'தம்பி ராஜா கோட்டைக்கு ரகசியமாகப் போகிறோம். பன்னிரண்டு பீரங்கி. தயவுசெய்து கேட்காதீர்கள்.'

கோட்டைத் துறையை அண்ணனின் போர்க்கப்பல் மறித்து நின்றது. தளபதி வீரபாகு "எங்கே..." என்று ஆரம்பித்தவர், எழுத்தைப் படித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். உள்நாட்டுச் சண்டை பாருங்கள், அவரும் நம்ம ஊர்க்காரர்தான்.

"நல்லவேளை, கேட்டுத் தொலைச்சிருப்பேன்! டேய், ரகசியம்னு போட்டிருக்கு. எல்லாரும் கண்ணை மூடிக்குங்க."

நூறு வீரர்களும் மூடிக்கொண்டார்கள். கப்பல் உள்ளே போனது. ராஜா மூவரையும் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சுடுங்க" என்றார். முதல் குண்டிலேயே வீரபாகுவின் பாய்மரம் முறிந்து விழுந்தது.

"ஐயா, யாரோ சுடறாங்க! கண்ணைத் திறக்கட்டுங்களா?" என்று ஒரு வீரன் அலறினான்.

"மூச்! ரகசியமாத்தான்டா சுடறாங்க" என்றார் வீரபாகு.