பாதம் பார்த்த தையல்நாயகியார்

காவிரி கடலோடு சேரும் பக்கத்து ஊர் ஒன்றில், அரசு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டைக் கூட்டித் துடைப்பதே தையல்நாயகியாரின் திருப்பணி. அந்தக் காலத்து அடியார்கள் கோயில் பிராகாரத்தை அலகிட்டார்கள் என்று படித்து உருகுகிறோம். பினாயில் வாளியைத் தூக்கிக்கொண்டு இருபத்தெட்டுக் கட்டிலுக்கு அடியிலும் குனிந்து நிமிர்கிறவரை 'ஏ ஆயா' என்று கூப்பிட்டுவிட்டுப் போகிறோம். நம்முடைய பக்தி அவ்வளவுதான். ஊர்ப் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொல்லக் கூடாது என்று அந்த அம்மையாரே கேட்டுக்கொண்டார்.

காலை ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடுவார். துடைப்பு முடிந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார். பிறகு கட்டில் கட்டிலாகப் போய், ஒவ்வொரு குழந்தையின் பாதத்தையும் இரண்டு கையாலும் பொத்திப் பார்ப்பார். கால் கட்டைவிரலை அழுத்துவார். அழுத்திய இடம் வெளுக்கும். விரலை எடுத்துவிட்டு, உதடு மட்டும் அசைய 'ஓம் நமசிவாய' என்று ஒரு முறை நிதானமாகச் சொல்வார். சொல்லி முடிப்பதற்குள் வெளுத்த இடத்தில் சிவப்பு திரும்பிவிட்டால், "சரி சாமி, நல்லா இரு" என்று அடுத்த கட்டிலுக்கு நகர்வார். திரும்பாவிட்டால், காரணம் சொல்லாமல், "புள்ளயப் பாருங்க" என்று மட்டும் செவிலியரைக் கூப்பிடுவார். அவர்களும் 'வந்துட்டியா' என்று சலித்துக்கொண்டே வந்து பார்ப்பார்கள்.

இந்த வழக்கம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பதினாறு ஆண்டுகளுக்கு முன் அவருடைய மூன்று வயது மகள் செண்பகம் இதே வார்டில் காய்ச்சலோடு கிடந்தாள். இரண்டாம் நாள் சாயங்காலம் நெற்றியைத் தொட்டார்கள். சூடு இல்லை. காய்ச்சல் விட்டுவிட்டது என்று எல்லோருக்கும் மகிழ்ச்சி. தையல்நாயகியாரும் திருநீறு பூசிப் போர்த்திவிட்டார். விடிந்ததும் வந்த பெரிய டாக்டர் முதலில் தொட்டது காலைத்தான். கட்டைவிரலை அழுத்தினார், பார்த்தார், இன்னொரு முறை அழுத்தினார். "கால் எப்பம்மா சில்லுன்னு ஆச்சு?" என்று கேட்டார். தாய்க்குப் பதில் தெரியவில்லை. அன்று மதியம் குழந்தை போய்விட்டது.

"வைத்தியநாதன்னு பேரு வச்சுக்கிட்டு என்னத்த வைத்தியம் பாத்தாரு ஒங்க சாமி?" என்று துக்கம் கேட்க வந்த நாத்தனார் கேட்டாள்.

"அவரு பாத்துக்கிட்டுதான் இருந்தாரு. நாந்தான் பாக்கல" என்றார் இவர்.

அதோடு அழுது முடங்கிவிடவில்லை. அந்த வார்டிலேயே துப்புரவு வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை தவறாமல் வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போய் நிற்பார். வேறெதுவும் கேட்பதில்லை. "பாக்காம விட்டுட்டேன் அப்பா. பொறுத்துக்கிட்டேன்னு ஒரு தடவை சொல்லிரு, போதும்" என்பார். பதினாறு ஆண்டுகளில் சாமி வாயைத் திறக்கவில்லை. சாமிக்கு என்ன அவசரம்!

வார்டில் அவரைக் கேலி செய்யாதவர் இல்லை. "ஆயா, இன்னைக்கு எத்தனை சாமி வரம் குடுத்துச்சு?" என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே, "இருபத்தேழு. ஒண்ணு உதைச்சிருச்சு" என்பார். குழந்தைகளின் காலைத் தொட்டுக் கும்பிடும் ஒரு பைத்தியக்காரப் பக்தை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அதே வார்டில் வேலை பார்த்த டாக்டர் ஃபௌசியாவும் அப்படித்தான் நினைத்திருந்தார். அவர் அப்போது செப்சிஸ் பற்றி ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். எங்கோ தொடங்கிய கிருமித் தொற்றை எதிர்க்கப் போய், உடம்பு தன்னையே வதைத்துக்கொள்ளும் நிலைக்குத்தான் அந்தப் பெயர். குழந்தைகளுக்கு வந்தால் சில மணி நேரத்தில் ஆளைக் கொண்டுபோய்விடும். அது வருவதை எந்த அறிகுறி முதலில் காட்டிக்கொடுக்கிறது என்று அவர் தேடினார். காய்ச்சல், மூச்சு, நாடி, இரத்த அழுத்தம் என்று ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு படிவம். அந்தப் படிவங்களைச் சுமந்துகொண்டு அவர் தையல்நாயகியாரைத் தாண்டி நூறு முறை நடந்திருப்பார்.

ஒரு நாள் ஒன்பதாம் கட்டிலுக்கு கனிஷ்கா என்ற இரண்டு வயதுப் பெண்குழந்தை நுரையீரல் சளியோடு வந்து சேர்ந்தது. அதன் தாய் வெண்ணிலா கொள்ளிடக்கரைக்காரி, கொஞ்சம் பயந்த சுபாவம். மறுநாள் காலை தையல்நாயகியார் பாதத்தைப் பிடித்ததுதான் தாமதம், வார்டே அதிரக் கத்தினாள்.

"யாரு இந்தம்மா? எம்புள்ள காலப் புடிச்சுக்கிட்டு என்னமோ முணுமுணுக்குது! செய்வினை கிய்வினை வச்சிருச்சுன்னா?"

தலைமைச் செவிலியர் அமலோற்பவம் ஓடிவந்தார். அவரையும் குறை சொல்ல முடியாது. அத்தனை கட்டிலையும் இரண்டு பேரை வைத்துக்கொண்டு பார்க்கிறவர். "தையலு, இனிமே புள்ளைங்களத் தொடாத. வராந்தாவோட நின்னுக்க. மேல எழுதிப் போட்டா ஒன் வேலைக்குத்தான் வேட்டு" என்றார்.

"தொடாம பாத்துக்கலாமா சிஸ்டர்?"

"பாத்துக்க. கண்ணுக்கா பூட்டுப் போட முடியும்?"

மூன்று நாள் அப்படியே நடந்தார். வராந்தாவைத் துடைப்பார், சன்னல் வழியே பார்ப்பார், துடைப்பார். கோபம் துளியும் இல்லை. 'பெத்தவளுக்குப் பயம் இருக்கத்தானே செய்யும்' என்று சொல்லிக்கொள்வார்.

மூன்றாம் நாள் மதியம் கனிஷ்காவுக்குக் காய்ச்சல் இறங்கியது. வெண்ணிலா போனில் கணவனிடம், "சொரம் விட்டுருச்சுங்க. நல்லாத் தூங்குறா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சன்னலுக்கு வெளியே நின்ற தையல்நாயகியாரின் காதில் அது விழுந்தது. நிமிர்ந்து பார்த்தார். போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த சின்னப் பாதம் வெளிறி, தோலில் வலை விரித்தாற்போல் நீலக் கோடுகள் ஓடின. உள்ளே போனால் வேலை போகும். போகாவிட்டால்? அந்தக் கேள்விக்கான பதில் அவருக்குப் பதினாறு ஆண்டுகளாகத் தெரியும்.

அந்தப் பதற்றத்திலும் கையைக் கழுவிக்கொண்டுதான் போனார். பாதம் சில்லிட்டிருந்தது. அழுத்தினார். ஒரு நமசிவாய ஆயிற்று, சிவப்பு வரவில்லை. இரண்டு ஆயிற்று. மூன்றாவதின் நடுவில்தான் மெல்ல ஏறியது. வெண்ணிலா கத்தத் தொடங்குவதற்குள் அவர் வார்டுக் கோடியில் இருந்த ஆராய்ச்சி அறைக்கு ஓடிவிட்டார்.

"டாக்டரம்மா, ஒம்பதாம் கட்டில் புள்ளைக்குப் பாதம் வரல!"

"பாதம் வரலன்னா?"

"செவப்பு திரும்ப ரெண்டரை நமசிவாய ஆவுது. காலும் சில்லுன்னு இருக்கு."

ஃபௌசியா ஒரு கணம் விழித்தார். பிறகு கையிலிருந்த படிவங்கள் தரையில் சிதற எழுந்தார். "அல்லா! நீங்க இத்தனை நாளா அதையா பாத்துக்கிட்டிருந்தீங்க?" என்று கேட்டுக்கொண்டே ஓடினார்.

"சொரம்தான் விட்டுருச்சே டாக்டர், தூங்குறாளே!" என்று வெண்ணிலா குறுக்கே நின்றாள்.

"தூங்கலம்மா, மயங்கிக் கெடக்கா. தள்ளுங்க" என்றார் டாக்டர். இரத்த அழுத்தம் அப்போதும் சரியாகவே காட்டியது. நாடிதான் குதிரையாய் ஓடியது. அமலோற்பவம் நொடியில் ஊசி ஏற்ற நரம்பு பிடித்தார். மருந்தும் நீரும் ஏறின, பிராணவாயு வைத்தார்கள். அரை மணியில் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தது.

குழந்தை எட்டு நாள் அங்கே இருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை கோயிலில் தையல்நாயகியார் தமக்கான மன்னிப்பை முதன்முறையாகக் கேட்க மறந்துபோனார். "அந்தப் புள்ளயப் பாத்துக்க" என்றதோடு திரும்பிவிட்டார். நான்காம் நாள் ஃபௌசியா வெளியே வந்து, "ஆயாம்மா, பாதம் வந்துருச்சு!" என்றபோது, துடைப்பத்தை அப்படியே போட்டுவிட்டு வராந்தாவில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். வேலை போகவில்லை. அமலோற்பவம் அவரைக் கையைப் பிடித்து வார்டுக்குள் கூட்டிவந்து, "இனிமே தொடாம இருந்தாத்தான் எழுதிப் போடுவேன்" என்றார்.

ஃபௌசியா விடவில்லை. ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொண்டு வந்து, "எங்க, ஒரு நமசிவாய சொல்லுங்க" என்றார். பத்து முறை சொல்ல வைத்தார். ஒவ்வொரு முறையும் இரண்டு நொடியைச் சுற்றியே வந்தது. "எங்க பாடத்துலயும் இதே ரெண்டு செகண்டுதான் எல்லை. இது ஒண்ணும் புதுசில்ல, ஆயாம்மா. காலேஜ்லயே படிச்சோம். அவசரத்துல அழுத்திப் பாக்க மறந்துட்டோம். அதைவிட மோசம், என் படிவத்துல இதுக்கு ஒரு கட்டமே போடல" என்று அவர் சொன்னபோது முகம் சிவந்திருந்தது.

அன்றே படிவத்தில் 'பாதம்' என்று ஒரு கட்டம் சேர்ந்தது. அமலோற்பவம் 'அருள் நிறைந்த மரியே வாழ்க' சொல்லி எண்ணிப் பார்த்தார். அதுவும் ஏறக்குறைய அதே நேரம்தான் வந்தது. "எனக்கு பிஸ்மில்லா கொஞ்சம் நீளுது, நான் வாட்சோடயே இருந்துக்கிறேன்" என்று ஃபௌசியா சிரித்தார். பத்து மாதம் அப்படிப் பார்த்தார்கள். எல்லாம் சரியாகவே அமைந்தது என்று சொன்னால் பொய். மின்விசிறிக்கு நேர்கீழே படுத்ததால் கால் குளிர்ந்து, வீண் பரபரப்பு ஆன நாட்கள் உண்டு. முன்கூட்டியே கண்டும் காப்பாற்ற முடியாமல் போன குழந்தை ஒன்றும் உண்டு. அன்று தையல்நாயகியார் சாப்பிடவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு வந்துவிட்டார். ஆனாலும் நிலை மோசமான குழந்தைகளில் பலருக்கு, இரத்த அழுத்தம் சரிவதற்குச் சில மணி நேரம் முன்பே பாதம் சொல்லியிருந்தது. கால் ஒன்றையே நம்பிவிடக் கூடாது, மற்றவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று ஃபௌசியா கட்டுரையில் எழுதினார். முடிவில் நன்றி சொல்லும் இடத்துக்கு அம்மையாரின் முழுப் பெயரைக் கேட்டார்.

"என் பேரு எதுக்கும்மா? அவரு பேரைப் போடுங்க."

"எவரு பேரை?"

"வைத்தியநாதரு பேரை."

"எந்த ஆஸ்பத்திரின்னு கேப்பாங்களே, ஆயாம்மா!"

இருவரும் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் வெண்ணிலா உள்ளே வந்தாள், மகளைப் பரிசோதனைக்குக் காட்ட. கனிஷ்கா இப்போது கொழுகொழுவென்று மூன்று வயதை எட்டிக்கொண்டிருந்தாள். பெஞ்சின் மேல் நிறுத்தியதும் கையிலிருந்த பாலை ஒரே சாய்ப்பில் தரையில் கொட்டினாள். தையல்நாயகியார் துணியோடு குனிந்து துடைக்கத் தொடங்கினார். குழந்தை மேலிருந்து அந்த நரைத்த தலையைப் பார்த்தது. என்ன தோன்றியதோ, பெஞ்சு விளிம்பில் உட்கார்ந்து, வலது காலைத் தூக்கி அவர் உச்சந்தலையில் வைத்துக்கொண்டு கலகலவென்று சிரித்தது.

"ஏய், காலை எடுடி! பெரியவங்க தலையிலயா வைப்ப?" என்று பதறி ஓடிவந்தாள் வெண்ணிலா.

"எடுக்காத தாயி!" என்றார் தையல்நாயகியார். "இருக்கட்டும். செத்த நேரம் அப்படியே இருக்கட்டும்."

இறைவன் தன் அடியாரின் தலையில் திருவடி சூட்டியதாகப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த அம்மையாரின் தலையில் இருந்தது வெதுவெதுப்பான, பால் சிந்திய, ஒரு சின்னஞ்சிறு பாதம். அவர் அதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். கண்ணை மூடி 'ஓம் நமசிவாய' என்று ஒரே ஒரு முறை சொன்னார். "பொறுத்துக்கிட்டியா அப்பா" என்று வாய்விட்டுச் சொன்னார். டாக்டரும் தாயும் குழந்தையும் கேட்டார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமையும் கோயிலுக்குப் போனார். கேட்பதற்கு ஒன்றும் இல்லாததால் சும்மா நின்றுவிட்டு வந்தார். மறுநாள் காலை ஆறு மணிக்கு, கையைக் கழுவிக்கொண்டு முதல் கட்டிலுக்குப் போனார். குழந்தைகளின் பாதம் பார்த்த தையல்நாயகியாரின் பாதத்தை நாமும் ஒரு நமசிவாய நேரம் நினைத்துக்கொள்வோம்.