தையல்நாயகி போட்டு வண்டிக்குப் பெயிண்ட் அடித்த கதை

“அமைதி வேண்டாம் சாமி. வேற ஏதாச்சும் இருந்தா குடுங்க.”

உப்பளத்துச் சாமி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

“வேற என்னக்கா இருக்கு இங்க? கடலை இருக்கு. திங்கறியா?”

தையல்நாயகிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. சாமிக்கு முப்பத்தைந்து இருந்தாலே அதிகம். அவள் அவரைச் சாமி என்பாள், அவர் அவளை அக்கா என்பார். இதில் யாருக்கு யார் குரு என்று புதிதாகப் பார்க்கிறவனுக்குக் குழப்பம் வரும். வரட்டும், நமக்கென்ன.

சாமி இருக்கிற இடத்துக்கு மடம் என்று பெயர். மடம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிடாதீர்கள். கடலோர ஊரான ஆலிமேட்டுக்குத் தெற்கே, உப்பளம் முடிகிற இடத்தில் ஓர் ஓட்டுக் கொட்டகை. தெய்வாதீனமாய் நல்ல தண்ணீர் ஊறுகிற ஒரு கிணறு. கொஞ்சம் சவுக்கு மரம். அந்தச் சவுக்கு நிழலில்தான் அது நின்றது.

அது என்றால், ஊரின் போட்டு வண்டி. நீளமான இரும்பு டிரெய்லர். ஃபைபர் போட்டை மேலே ஏற்றி, டிராக்டரில் பூட்டி, கரைக்கும் தண்ணீருக்கும் இழுப்பார்கள். போன வருஷம் போட்டோடு கரையேறும்போது அதன் ஒரு பக்கச் சட்டம் மடாரென்று ஒடிந்தது. போட்டு சரிந்தது. பக்கத்தில் நின்று தள்ளிக்கொண்டிருந்த கலியபெருமாள் அதற்கு அடியில் போய்விட்டார்.

கலியபெருமாள் தையல்நாயகியின் புருஷன்.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? “குடிச்சிட்டு வந்து வண்டிக்கு அடியில விழுந்துட்டான்” என்றது. வண்டி ஊர்ச் சொத்து. பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் ஊர்த் தலைவரான நாட்டாரும் பஞ்சாயத்தாரும். வண்டி மேல் குற்றம் என்றால் அவர்கள் மேல் குற்றம். செத்தவன் மேல் குற்றம் என்றால், அவன் எழுந்து வந்து கேட்கவா போகிறான்?

ஆலிமேட்டில் ஒரு வழக்கம் உண்டு. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து முதல் போட்டு கடலில் இறங்கும் முன், மனத்தாங்கல் உள்ளவர்கள் அம்மன் வாசலில் நின்று, “என் மனசுல ஒண்ணும் இல்ல” என்று ஊரறியச் சொல்ல வேண்டும். சொன்னால் தேங்காய் உடையும், போட்டு இறங்கும். ஒருத்தர் பாக்கி என்றாலும் இறங்காது. போன வருஷம் தீட்டு என்று தையல்நாயகியை விட்டுவிட்டார்கள். இந்த வருஷம் விடுவார்களா?

அதற்காகத்தான் நாட்டார் அமிர்தலிங்கம் அவளை மடத்துக்கு அனுப்பியிருந்தார். “சாமிகிட்டப் போயி மனச ஆத்திக்கிட்டு வாம்மா” என்று. கூடவே வண்டியையும் அனுப்பியிருந்தார். ஒடிந்த பக்கத்தை வெட்டிவிட்டுப் புதுச் சட்டம் வைத்து வெல்டிங் பண்ணியாயிற்று, மடத்து நிழலில் வைத்துப் பெயிண்ட் மட்டும் அடித்துக் கொடுத்தால் புண்ணியம் என்று.

சாமி கடலைத் தோலை ஊதினார்.

“பெயிண்ட் டப்பா அந்த மூலையில இருக்கு. போய் வண்டிக்கு அடிக்கா.”

“என்னது?”

“பெயிண்ட்.”

“என் புருஷனக் கொன்ன வண்டிக்கு நான் பெயிண்ட் அடிக்கணுமா? நல்லா இருக்கே ஞாயம்! சாமின்னு கும்பிட வந்தா, இதான் நீங்க குடுக்கற ஆறுதலா?”

“வேணாம்னா விடு. அமைதிதான் இருக்கு. கண்ண மூடி உக்காரு.”

தையல்நாயகி முந்தானையை இழுத்துச் செருகினாள். டப்பாவை எடுத்தாள்.

கோபத்தில் பெயிண்ட் அடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? சுவர் பாவம், பிரஷ் பாவம். துரு இருந்த இடத்தில் துரு மேலேயே அடித்தாள். மணல் ஒட்டியிருந்த இடத்தில் மணல் மேலேயே அடித்தாள். மத்தியானத்துக்குள் வண்டி நீலமாகிவிட்டது.

“இந்தாங்க. முடிஞ்சுது.”

சாமி அன்றைக்கு வரவில்லை. மறுநாள் காலையில் வந்தார். ஒரு கொட்டாங்குச்சியை எடுத்து ஒரு இழு இழுத்தார். நீலம் பொரிந்து விழுந்தது. அதோடு துருவும் பொலபொலவென்று விழுந்தது. குனிந்து அந்த இடத்தை நாக்கால் தொட்டார்.

“உப்புக் கரிக்குது.”

“ஊர்ல இப்பிடித்தான் அடிக்கறாங்க.”

“தெரியும்.”

“வருஷா வருஷம் பழசு மேல புதுசு. எங்க மாமனார் காலத்துலேர்ந்து அதான் பழக்கம்.”

“தெரியும்.”

“பின்ன?”

“சொரண்டுக்கா.”

சொல்லிவிட்டு அவர்பாட்டுக்குப் போய்விட்டார். அவர் முதுகைப் பார்த்து அவள் என்ன திட்டினாள் என்று இங்கே எழுத முடியாது.

ஆனால் சுரண்டினாள். கம்பி பிரஷ் போட்டு, உளி போட்டு, உப்புத்தாள் போட்டு. நீலத்துக்கு அடியில் பச்சை வந்தது. பச்சைக்கு அடியில் சிவப்பு. அதற்கும் அடியில் மஞ்சள். மஞ்சளைக் கண்டதும் கை நின்றுபோனது. அது கலியபெருமாள் அடித்தது. வீட்டுக் கதவுக்கு வாங்கி மிச்சமானதை ஊர் வண்டிக்கு அடித்துவிட்டு, கதவைப் பாதியில் விட்டவர் அந்த மனுஷர். அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. கடைசியில் ஆத்திரம்தான் ஜெயித்தது. மஞ்சளையும் சுரண்டினாள்.

வெறும் இரும்பு தெரிந்ததும் கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாக இறைத்துக் கழுவினாள். வெயிலில் காயவிட்டுத் தானே நாக்கை வைத்துப் பார்த்தாள். கரித்தது. திரும்பவும் கழுவினாள். கரிக்காமல் போன பிறகுதான் ரெட் ஆக்சைடு டப்பாவைத் திறந்தாள்.

பனி ஈரம் காய்கிற வரைக்கும் தொட மாட்டாள். பொழுது சாய்ந்து கடல்காற்றில் பிசுபிசுப்பு ஏறினால் பிரஷைக் கழுவி வைத்துவிடுவாள். ரெட் ஆக்சைடு நன்றாகக் காய்ந்த பின் அதன் மேல் நீலம். அது காய்ந்த பின் இன்னொரு தரம் நீலம். வெல்டிங் இடுக்குகளில் சின்ன பிரஷை விட்டுக் குத்திக் குத்தி அடித்தாள்.

குழாய் மாதிரி உள்ளே கூடான பழைய சட்டத்தின் அடிப்பக்கத்தில் விரல் நுழைகிற அளவில் ஓட்டைகள் இருந்தன. எல்லாவற்றையும் பட்டி வைத்து அடைத்திருந்தது. பட்டி வெடித்திருந்தது. ஆலிமேட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், பெயிண்டுக்கு முன்னால் ஓட்டையை அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டி தண்ணீரில் இறங்கும்போது உப்புத்தண்ணீர் உள்ளே ஏறிவிடும். கலியபெருமாளும் அடைப்பார். கட்டைவிரலால் அழுத்தி, வழித்து, அழகு பார்ப்பார்.

தையல்நாயகியும் பழைய பட்டி மேலேயே புதுப் பட்டியை வைத்து அழுத்தினாள்.

வேலை முடிந்த அன்று வண்டியைப் பார்க்கக் கண் கூசியது. அவளுக்கே நம்ப முடியவில்லை.

“சாமி! வந்து பாருங்க! இப்ப நக்கிப் பாருங்க, என்ன சொல்றீங்கன்னு பாக்கறேன்!”

சாமி வந்தார். சுற்றி வந்தார். நகத்தால் கீறினார். பெயிண்ட் அசையவில்லை.

“நல்லா இருக்குக்கா.”

“தெரியும்.”

சாமி சிரித்தார். உளியையும் சுத்தியலையும் எடுத்தார். துண்டைத் தலைக்கு வைத்துக்கொண்டு, வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்து நகர்ந்து போனார்.

“என்ன பண்றீங்க? சாமி! ஐயய்யோ, புது பெயிண்ட்டு! உங்களுக்குக் கிறுக்கு பிடிச்சிருச்சா?”

டங்.

புதுப் பட்டி தெறித்தது.

டங்.

பழைய பட்டி தெறித்தது.

உள்ளேயிருந்து தண்ணீர் கொட்டியது. தண்ணீரா அது? காப்பி டிகாஷன் நிறத்தில், கறுப்புச் செதிலும் சேறுமாய், சாமியின் முகத்தில், தாடியில், வாயில் கொட்டியது. அவர் நகரவில்லை. த்தூ என்று துப்பிவிட்டு அடுத்த ஓட்டையில் உளியை வைத்தார். அதிலிருந்தும் கொட்டியது. ஊசிப்போன இரும்பு நாற்றம் அடித்தது.

தண்ணீர் நின்றபாடில்லை.

தையல்நாயகி குனிந்து பார்த்தாள்.

“எல்லாத்தையும்தான் அடைச்சிருந்துச்சே. தண்ணி எப்பிடி உள்ள வந்துச்சு?”

“வெல்டிங் இடுக்குல வரும். மழைக்கு வரும். வரணும்னா எப்பிடியும் வந்துரும்.”

“அப்ப இந்த ஓட்டை?”

“போறதுக்கு.”

சாமி கையிலிருந்து சுத்தியலைப் பிடுங்கினாள். ஒடியாத பக்கத்துச் சட்டத்தை, உள்பக்கமாக, ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தாள். ணங், ணங் என்றது. அச்சுக்குக் கிட்டே வந்ததும் பொத் என்றது. இன்னொரு தரம், கொஞ்சம் ஓங்கி அடித்தாள்.

சுத்தியல் உள்ளே போய்விட்டது. அவள் அத்தனை பாடுபட்டு அடித்த நீலம், அப்பளம் உடைகிற மாதிரி உடைந்தது.

மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

“இதே மாதிரிதான் அந்தப் பக்கமும் இருந்திருக்கும்.”

“ம்.”

“அவரு குடிக்கல சாமி.”

“குடிச்சாருன்னு யார் சொன்னா?”

“ஊரு.”

“நீ?”

தையல்நாயகி சொல்லிவிட்டாள். சொல்லக் கூடாது என்று ஒரு வருஷமாய் வைத்திருந்தது.

“அவரத் தூக்கிப் போட்டப்ப நான் வாய மோந்து பாத்தேன். சுக்குக் காப்பி வாசன. நான் போட்டுக் குடுத்த சுக்குக் காப்பி. வேற ஒண்ணும் இல்ல. அவரு குடிக்காத மனுஷர்னு சொல்ல வரல. அன்னைக்குக் குடிக்கல. நாட்டார்கிட்ட சொன்னேன். ‘ஊர் மானம் போயிரும், வெளிய சொல்லாத’ன்னாரு. அடக்கிக்கிட்டேன். எல்லாரும் சொல்லச் சொல்ல... பாவி, நானே நம்ப ஆரம்பிச்சிட்டேன். என் மூக்குதான் தப்போன்னு.”

வாய்விட்டு அழுதாள். ஊர் கேட்கும் என்ற பயமில்லாமல், மூக்கைச் சிந்தி மணலில் எறிந்து அழுதாள். சாமி துண்டால் தாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அழுது முடித்துவிட்டுக் கேட்டாள்:

“இப்ப நான் என்ன பண்ணணும்?”

“என்னைக் கேட்டா? அமைதி வேணாம்னு நீதானே சொன்ன.”

“ஆமா, வேணாம்.”

“நானும் குடுக்கலையே.”

முதல் போட்டு இறங்குகிற நாள் வந்தது. நாட்டார் அமிர்தலிங்கமே டிராக்டரோடு மடத்துக்கு வந்தார். நீலத்தைத் தடவிப் பார்த்தார்.

“அடேயப்பா! புதுசு தோத்துது போ. பாத்தியாம்மா, கைக்கு வேல குடுத்தா மனசு தன்னால ஆறிடும். சாமி சாமிதான்.”

சாமி வானத்தைப் பார்த்தார்.

சுத்தியல் போட்ட பொத்தல் உள்பக்கம். யார் கண்ணிலும் படவில்லை. டிராக்டர் வண்டியை இழுத்துக்கொண்டு போக, தையல்நாயகி அதன் பின்னாலேயே நடந்தாள். நாட்டார் ஏறி உட்காரச் சொன்னார். மாட்டேன் என்றுவிட்டாள்.

அம்மன் வாசலில் ஊரே நின்றது. வண்டிக்கு மாலை போட்டுச் சந்தனம் வைத்தார்கள். அதில் முதலில் ஏறப் போகிற போட்டு பக்கத்தில் தயாராய் இருந்தது. தள்ளுவதற்குப் பையன்கள் இரண்டு பக்கமும் வந்து நின்றுகொண்டார்கள். கலியபெருமாள் நின்ற அதே இடத்தில், கல்யாணமாகி ஆறு மாசம்கூட ஆகாத ஒருத்தன் தோளைக் கொடுத்து நின்றான். தையல்நாயகி அவனைப் பார்த்தாள்.

மனத்தாங்கல் உள்ளவர்கள் வந்தார்கள். வேலித் தகராறுக்காரன் சொன்னான். வலையை அறுத்தவனும் அறுபட்டவனும் சேர்ந்து வந்து சொன்னார்கள். “என் மனசுல ஒண்ணும் இல்ல.” “என் மனசுலயும் ஒண்ணும் இல்ல.” கூட்டம் குலவை போட்டது.

நாட்டார் தேங்காயைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“தையலு, வாம்மா. நீ ஒருத்திதான் பாக்கி.”

வந்து நின்றாள்.

“சொல்லும்மா. ஒரு வரிதான்.”

அவள் திரும்பி வண்டியைப் பார்த்தாள். கூட்டத்தில் யாரோ, “சொல்லித் தொலையேன் அத்தாச்சி, நேரம் ஆவுதுல்ல” என்றார்கள்.

நாட்டார் குரலைத் தாழ்த்தினார்.

“நீ சொல்லலைன்னா ஒரு போட்டும் இறங்காது. தெரியுமில்ல?”

“தெரியும்,” என்றாள் தையல்நாயகி, கடைசி ஆளுக்கும் கேட்கிற குரலில். “என் மனசுல நெறைய இருக்கு. எல்லாரும் உக்காருங்க.”