ரெண்டு பல்லு

குருன்னு சொன்னதும் தாடி, காவி, ஆலமரம்னு ஒரு படத்த மனசுல போட்டுக்கிடாதிய. நம்ம குருவுக்கு வயசு இருபத்தொம்பது. பேரு ஜெபக்கனி. சுடிதாரு மேல ஒரு காக்கிக் கோட்டு, மடியில ஒரு பொட்டலம் வறுகடலை. ஆசிரமம்னு கேட்டா ஒரு பழைய வெள்ளக் காரு. முன்னாலயும் பின்னாலயும் செவப்புல 'எல்'லு, மண்டைக்கு மேல டிரைவிங் ஸ்கூல் போர்டு. காலையில ஆறு மணிக்கெல்லாம் அந்த ஆசிரமம் பாளையங்கோட்டையில உருள ஆரம்பிச்சிரும்.

சிஷ்யன் யாருன்னா பேச்சிமுத்து அண்ணாச்சி. வயசு அம்பத்திரண்டு. மார்க்கெட்டுல பாத்திரக்கடை. எதையும் தட்டிப் பாக்காம நம்ப மாட்டாரு. கொடத்தத் தட்டுவாரு, போணியத் தட்டுவாரு, சத்தத்த வச்சே இது கனம், இது தகரம்னு சொல்லிருவாரு. மொத நாளு காருல ஏறுதப்பவே கதவ ரெண்டு தட்டு தட்டி, "லேசுத் தகடு"ன்னு மொகத்தச் சுளிச்ச ஆளு.

இருபத்தோரு நாள்ல முடியுத கிளாசு அது. அண்ணாச்சிக்கு அன்னைக்கு முப்பத்தெட்டாம் நாளு. கிளட்ச மிதிக்கச் சொன்னா பிரேக்க மிதிப்பாரு. பிரேக்க மிதிக்கச் சொன்னா "யாத்தே"ன்னு காலு ரெண்டையும் தூக்கிருவாரு. நல்லவேளையா குருவோட காலுக்கடியிலயும் ஒரு பிரேக்கு உண்டு.

இந்த வயசுல எதுக்கு இந்தப் பாடுன்னா, எல்லாம் மகளாலதான். ஒத்த மக. பேரு உலகம்மை. பேருலதான் உலகம், அதுவரைக்கும் போன தூரம் திருச்செந்தூரு. கடை வேன அவதான் ஓட்டுவா. கல்யாண வீட்டுக்கு அண்டா, குண்டா ஏத்திக்கிட்டு, ஆம்பளையளுக்கு ஈக்குவலா வளைச்சு வளைச்சு ஓட்டுவா. இஞ்சினீருக்குப் படிச்ச புள்ள. சாக்கடத் தண்ணியக் குடிதண்ணியா மாத்துத படிப்பு ஒண்ணு அயர்லாந்துல இருக்காம், ரெண்டு வருசம். அதுக்கு இடம் கெடச்சிட்டு. நான் போனா வேன யாரு ஓட்டுவான்னு, டியூசன் எடுத்த காசுல அப்பாவுக்கு டிரைவிங் ஸ்கூல்ல பணம் கட்டினதும் அவதான்.

படிப்புக்கு ஆகுத செலவு முப்பத்து நாலு லச்சம். பேங்குல கடையத்தான் ஈடா கேக்காங்க. சனிக்கெழம கையெழுத்துப் போடணும். அன்னைக்கு வியாழக்கெழம.

அண்ணாச்சி ஒரு நாளும் வேண்டாம்னு சொன்னதில்ல. அதப் பெருமையாவே சொல்லிக்கிடுவாரு. "போயிட்டு வா தாயி"ம்பாரு. சொன்ன வாயி மூடாது, பின்னாலயே ஒரு வாலு முளைக்கும். "ஆனா முப்பத்து நாலு லச்சம், பாத்துக்கிடு." மக இட்லி திங்க உக்காந்தா, "நல்லாத் தின்னு தாயி. ஆனா இதே இட்லி அங்க ஒண்ணு முன்னூறு ரூவாயாம்." மழ பேஞ்சா, "அங்கயும் இப்படித்தான் பெய்யுமாம், நல்ல குளிர்ச்சி. ஆனா கொடை நாலாயிரமாம்." தெக்குத் தெருவுல லண்டன் போயிப் படிச்சிட்டு வந்த பையன் ஒருத்தன் செல்போன் கடையில நிக்கான். அவன் கதைய மட்டும் ஒம்பது தடவ சொல்லிட்டாரு. சொன்னதுக்கப்புறம் மக தலையத் தடவிக் குடுக்கவும் செய்வாரு. மனுசன் அம்புட்டுப் பாசம்.

நாலு இட்லி திங்கித புள்ள ரெண்டு இட்லிக்கு வந்தா. அப்புறம் பசிக்கலன்னு காப்பியோட நிறுத்திக்கிட்டா. புதன்கெழம சாயங்காலம் பேங்கு பாரத்த நாலா மடிச்சு, இட்லிக் கொப்பரைக்கு அடியில சொருவிட்டு, "நான் போகலப்பா"ன்னு சொல்லிட்டா.

கடை தப்பிச்சுதுன்னு அண்ணாச்சி துள்ளிக் குதிக்கணுமா இல்லியா. அதான் இல்ல. அன்னைக்கு அவருக்கும் சோறு எறங்கல.

வியாழக்கெழம காலையில காருல ஏறுனவரு கதவத் தட்டல. சீட்டுல உக்காந்து ஸ்டேரிங்கப் புடிச்சிக்கிட்டு அப்படியே இருந்தாரு. ஜெபக்கனி கடலைய ஒண்ணு ஒண்ணா வாயில போட்டுக்கிட்டு, காரத் தள்ளிக்கிட்டுப் போறதுக்கு ஆளு கூப்பிடவான்னு கேட்டா. அவரு சிரிக்கல. மக கதை பூராவும் சொன்னாரு. இட்லிக் கொப்பரை வரைக்கும் சொன்னாரு.

"டீச்சர், நீங்களும் பெரிய படிப்புப் படிச்சவங்க. எம்.எஸ்ஸி. கணக்குன்னு ஆபீசுல மாட்டியிருக்கதப் பாத்தேன். கடன் வாங்கித்தான் படிச்சியளாமே?"

"ஆமா."

"அது பெறுமா? போட்ட காசுக்குப் பெறுமா, பெறாதா? அத மட்டும் சொல்லுங்க. ஒரு பாத்திரம்னா தட்டிப் பாத்திருவேன். இதத் தட்டிப் பாக்க முடியலையே."

ஜெபக்கனி முன்னாலயிருந்த ரயில்வே மேம்பாலத்தக் கையக் காட்டுனா. "மேல ஏறி அந்தப் பக்கம் டீக்கடைக்குப் போவோம் அண்ணாச்சி. அங்க வச்சுச் சொல்லுதேன்."

மேம்பாலம்னா அண்ணாச்சிக்கு எமன். முப்பத்தேழு நாளும் அதச் சுத்திக்கிட்டுத்தான் போயிருக்காரு. இன்னைக்கு மக நெனப்புல பயங்கூட மறந்து ஏத்திட்டாரு. பாதி ஏத்தத்துல போறப்ப ஜெபக்கனி வண்டிய நிறுத்தச் சொன்னா. ஹேண்ட் பிரேக்க இழுக்கச் சொன்னா. இழுத்தாரு, கரகரன்னு உள்ள இருக்குத பல்சக்கரத்துல அஞ்சாறு பல்லு ஏறி வண்டி கல்லு மாதிரி நின்னுட்டு. பின்னால ஒரு மினி பஸ் வந்து மூக்க ஒட்டிக்கிட்டு நிக்கி.

"இப்பக் கெளப்புங்க. ஆக்சிலேட்டரக் குடுத்து, கிளட்ச விட்டு, ஹேண்ட் பிரேக்க எறக்கி."

கண்ணாடியில பாத்தாரு. மினி பஸ்சு டிரைவரு மீசை தெரியுது. ஹேண்ட் பிரேக்க எறக்குனாரு. வண்டி 'ம்ம்ம்'ன்னு மொனங்கிச்சு. ஒரு குலுக்கு குலுக்கி மேல ஏற ஆரம்பிச்சுது. மாட்டு வண்டிக்காரன் வாலத் திருகித் திருகி ஓட்டுத மாதிரி இவரு ஆக்சிலேட்டர மிதிக்காரு, அது மொனங்குது, இவரு மிதிக்காரு, அது மொனங்குது. முன்னால மீட்டருல ஒரு செவப்பு லைட்டு எரியுது.

அது எதுக்கு எரியுதுன்னு கேட்டாரு. ஜெபக்கனி லைட்டப் பாத்தா, கடலைய மென்னா. "எரியட்டும்"னு சொன்னா.

பாலம் முடிஞ்சு, எறக்கத்துலயும் வண்டி மொனங்கிக்கிட்டே எறங்கிச்சு. டீக்கடை வாசல்ல நிறுத்துறதுக்குள்ள அண்ணாச்சிக்கு வேர்த்து ஊத்திட்டு. எறங்குனதும் ஒரு வாட. ரப்பரு கருகுன மாதிரி, நெய்யி தீஞ்ச மாதிரி ரெண்டுங்கெட்டான் வாட.

அண்ணாச்சிக்கு உடனே ஞானம் பொறந்துட்டு. காரு சரியில்ல, அன்னைக்கே சொன்னேன் லேசுத் தகடுன்னு, இதுக்கு வலுவே இல்ல, இத வாங்குன காசு தண்டம்னு தீர்ப்பே எழுதிட்டாரு. எழுதிட்டு, பின் சக்கரத்துக்கிட்ட குனிஞ்சு, பழக்க தோசத்துல தட்டக் கைய நீட்டுனாரு.

ஜெபக்கனி படக்குன்னு அவரு மணிக்கட்டப் புடிச்சிட்டா. மறு கையால கடை டிரம்முல ஒரு டம்ளரு தண்ணி மோந்து சக்கரத்து நடுவுல ஊத்துனா.

'சொய்ய்ய்'ன்னுச்சு. வெள்ளையா ஆவி கெளம்புது.

முப்பது வருசமா தோசக்கல்லு விக்கித மனுசனுக்கு அந்தச் சத்தம் தெரியாதா. "கல்லு காஞ்சிருக்கே"ன்னாரு.

"எப்படிக் காஞ்சுது?"

அண்ணாச்சி கதவத் தொறந்து உள்ள பாத்தாரு. ஹேண்ட் பிரேக்கு முக்காவாசி எறங்கி, கொஞ்சம் தூக்கிக்கிட்டு நிக்கி. பள்ளிக்கூடத்துப் புள்ள மாதிரித் தலையச் சொறிஞ்சாரு.

"முழுசா எறக்குனா பின்னால உருண்டுருமோன்னு பயம் டீச்சர். அதான் ஒரு பாதுகாப்புக்கு ரெண்டு பல்லு மட்டும் விட்டு வச்சேன்."

"வண்டிய நிறுத்தணும்னு விட்டு வச்சியளா?"

"சே. போகணும்னுதான்."

டீ வந்துது. ஜெபக்கனி ஒண்ண அவரு கையில குடுத்துட்டு, தன் டீய ஊதி ஊதிக் குடிச்சா. சக்கரத்துலயிருந்து இன்னும் லேசா ஆவி வருது. அண்ணாச்சி அதையே பாத்துக்கிட்டு நின்னாரு. டீயில ஆடை கட்டிட்டு, குடிக்கல.

"அது வீட்டு வாசல்லயே நின்னுருந்தா, பூராப் பல்லையும் இழுத்து வச்சாலும் வெந்துருக்காது அண்ணாச்சி. அது பாட்டுக்கு நிக்கும். போகுத வண்டியில ரெண்டு பல்லு இருந்தாத்தான் வேகும்."

அண்ணாச்சி மெதுவாக் கேட்டாரு. "நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் சொல்லலியே. உங்க எம்.எஸ்ஸி. பெறுமா?"

ஜெபக்கனி சிரிச்சா. எப்பவும் சிரிக்கித நக்கல் சிரிப்பு இல்ல அது. காலி டம்ளரக் கடை மேசையில வச்சா.

"எங்கப்பாவும் உங்கள மாதிரிதான், ரொம்ப நல்ல மனுசன். வேண்டாம்னு சொன்னதே இல்ல. பேங்குக் கடன் போன கிறிஸ்மஸோட அடைஞ்சிட்டு அண்ணாச்சி. அவரு அப்பப்ப 'ஆனா'ன்னு சொன்னதுதான் இன்னும் அடையல."

திரும்பி வாரப்ப மேம்பாலத்துல வச்சு அவ நிறுத்தச் சொல்லல. அண்ணாச்சியாவே பாதியில நிறுத்துனாரு. இழுத்தாரு. ஒரு மூச்சு விட்டுட்டு, பட்டன அமுக்கி, அடியோட எறக்குனாரு. வண்டி ஒரு சாண் பின்னால போச்சு. ஜெபக்கனி காலு ரெண்டையும் மடக்கிச் சீட்டு மேல வச்சிக்கிட்டு, பொட்டலத்துல மிச்சக் கடலையத் தேடிக்கிட்டு இருந்தா. வண்டி நின்னுச்சு, அப்புறம் சத்தங்காட்டாம மேல ஏறிச்சு. செவப்பு லைட்டு இல்ல.

டிரைவிங் ஸ்கூல் வாசல்ல உலகம்மை வேனோட நிக்கா. பின்னால ஒரு கல்யாண வீட்டு அண்டாவா அடுக்கியிருக்கு. அண்ணாச்சி பக்கத்துல ஏறி உக்காந்தாரு. இன்னைக்குப் பிரேக்கா, கிளட்சான்னு மக கேலியாக் கேட்டா. ஆனா மொகத்துல தூங்காத களை.

மார்க்கெட்டுக்குத் திரும்புத ரோட்டுல அவரு சொன்னாரு.

"கொப்பரைக்கு அடியில பாரம் கசங்கிருக்கும். வேற ஒண்ணு வாங்கிக்கிடு. சனிக்கெழம பத்து மணிக்கு நான் பேங்குக்கு வாரேன். நீ போயிட்டு வா தாயி."

உலகம்மை ரோட்டப் பாத்துக்கிட்டே, வாலுக்காகக் காத்திருந்தா. வரும், எப்பவும் வரும். அண்ணாச்சி வாயத் தொறந்தாரு. தொறந்த வாயால ஒரு கொட்டாவி விட்டுட்டு மூடிக்கிட்டாரு.

"அவ்வளவுதானாப்பா?"

பின்னால அண்டாவெல்லாம் ஒண்ணோட ஒண்ணு முட்டி டங்கு டங்குன்னு அடிக்கி. மார்க்கெட்டு முக்கு வந்துட்டு, காய்கறிக் கடை தாண்டிட்டு, அவங்க கடை வாசலும் வந்துட்டு.

அண்ணாச்சி அதுக்கு மேல ஒரு வார்த்த பேசல.